கைப்பட்டறைக்கு ஒரு பெல்ட் சாண்டர்: எங்கே சிக்கனம், எங்கே செலவு

பட்டறை இயந்திரங்களில் மிக எளிய அமைப்பு கொண்டவற்றில் பெல்ட் சாண்டரும் ஒன்று. மோட்டார் ஒன்று, இரண்டோ மூன்றோ உருளைகள், அவற்றைச் சுற்றி ஓடும் எமரி பெல்ட், பெல்ட்டுக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கும் இரும்புத் தட்டு, அவ்வளவுதான். பல்சக்கரம் கிடையாது, லேத்தில் உள்ளதுபோல் துல்லியமாகச் சீவிய படுகையும் கிடையாது. உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி அரைநாள் தேய்க்கிற வேலையைச் சில நிமிடங்களில் முடித்துத் தரும். அதனால்தான் தச்சர், கத்தி அடிப்பவர், வெல்டிங் பட்டறைக்காரர், வீட்டுக் கொல்லையில் மரவேலை பழகும் ஓய்வு பெற்ற ஊழியர் என்று எல்லோருக்கும் இதை நாமே செய்துகொண்டால் என்ன என்று தோன்றுகிறது.

அந்த எண்ணத்தில் தவறே இல்லை. கையில் பிடிக்கும் மின்சார பெல்ட் சாண்டரை அமெரிக்காவின் போர்ட்டர்-கேபிள் நிறுவனத்தில் ஆர்ட் எம்மன்ஸ் 1926-இல் உருவாக்கினார். அதன்பின் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. வட அமெரிக்கக் கத்திக் கலைஞர்கள் தங்கள் கிரைண்டரைத் தாங்களே வெல்டு செய்துகொள்வது பழகிப்போன வழக்கம். கனடாவின் மத்தியாஸ் வாண்டெல் சட்டம், உருளை எல்லாவற்றையும் மரத்திலேயே செய்து ஓட்டிக் காட்டியவர். நம் ஊரில் இதற்கான வசதி இன்னும் அதிகம். பழைய இரும்புக் கடை, கடைசல் பட்டறை, மோட்டார் ரீவைண்டிங் கடை ஆகிய மூன்றும் தமிழ்நாட்டின் எந்த நடுத்தர ஊரிலும் நடந்துபோகும் தூரத்துக்குள் இருக்கும்.

செய்ய நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "வீட்டில் ஒரு பழைய மோட்டார் கிடக்கிறது, இதைப் போடலாமா?" என்பதுதான். முயற்சிகள் பாதியில் நிற்பதற்கு அந்த வரிசையே காரணம் என்பது என் கருத்து. பெல்ட்டைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும், அடுத்து அது ஓட வேண்டிய வேகத்தை. அந்த இரண்டும் தெரிந்தபின் மோட்டார் தானாகவே தெரியவரும். பணத்தை எங்கே மிச்சப்படுத்துவது என்பதிலும் இதே குழப்பம் இருக்கிறது. மோட்டார் பழையதாக இருக்கலாம், சட்டம் காயலான் கடை ஆங்கிளாக இருக்கலாம். உருளையிலும் பேரிங்கிலும் மட்டும் கை வைக்கக் கூடாது. வீட்டில் செய்த சாண்டர் பட்டறையில் உழைப்பதும் பரணுக்குப் போவதும் பெரும்பாலும் அந்த இரண்டையும் பொறுத்ததே.

பெல்ட்டில் இருந்து தொடங்குவோம். கடையில் தயாராகக் கிடைக்கும் அளவுகள் சிலவே. கைச் சாண்டருக்கான 75×533 மில்லிமீட்டர், மேசைச் சாண்டருக்கான 100×915, சிறிய கருவிகளைத் தீட்ட உதவும் 25×762, கத்தி செய்பவர்களின் 50×1830 ஆகியவை பரவலானவை. எமரித் துணியை உருளையாக வைத்துக்கொண்டு, சொன்ன நீளத்துக்கு வெட்டி ஒட்டித் தரும் கடைகளும் பெரிய ஊர்களில் உண்டு. ஆனால் எப்போதும் தனியாகச் சொல்லிச் செய்ய வேண்டிய நீளத்தில் இயந்திரத்தைக் கட்டிவிட்டால், ஒவ்வொரு பெல்ட் அறும்போதும் வேலை நிற்கும். வீட்டிலேயே ஒட்டிக்கொள்ளலாம் என்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒட்டு தடித்தால் ஒவ்வொரு சுற்றிலும் மரத்தில் தட்டும், வலுவில்லை என்றால் ஓடும்போதே அறும். சந்தையில் உள்ள அளவுக்கு இயந்திரத்தைக் கட்டுவதே சரி.

சம அளவுள்ள இரண்டு உருளைகள் என்றால் கணக்கு சுலபம். பெல்ட்டின் நீளத்திலிருந்து ஓர் உருளையின் சுற்றளவைக் கழித்து, மீதியைப் பாதியாக்கினால் இரண்டு தண்டுகளுக்கும் இடையே உள்ள தூரம் வந்துவிடும். 915 மி.மீ. பெல்ட்டும் 100 மி.மீ. உருளைகளும் என்றால் அந்தத் தூரம் சுமார் 300 மி.மீ. பெல்ட்டை மாட்டிக் கழற்றவும் தேய்மானத்துக்கு ஈடுகொடுக்கவும் ஒரு பக்க உருளை 15 முதல் 20 மி.மீ. நகர இடம் விட வேண்டும்.

அடுத்தது வேகம். ஓட்டும் உருளையின் சுற்றளவை மோட்டாரின் சுற்றுகளால் பெருக்கினால் பெல்ட் ஓடும் வேகம். நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும் மோட்டாரில் 100 மி.மீ. உருளை மாட்டினால் பெல்ட் விநாடிக்கு 7.5 மீட்டர் ஓடும். அதே உருளையை 2,880 சுற்று மோட்டாரில் மாட்டினால் 15 மீட்டர், உருளையை 150 மி.மீ. ஆக்கினால் 22 மீட்டருக்கு மேல். மரத்துக்கு 8 முதல் 15 மீட்டர் தாராளம். அதற்கு மேல் போனால் தேக்கு போன்ற எண்ணெய்ப்பசை உள்ள மரம் கருகி, பெல்ட்டின் மணிகளுக்கு இடையே பிசினாக அடைத்துக்கொள்ளும். இரும்பைக் குறைக்க 20 முதல் 30 மீட்டர் வேண்டும். பதம் போட்ட கத்தியின் விளிம்பைத் தீட்டுவது என்றால் மறுபடி வேகத்தைக் குறைக்க வேண்டும். எஃகின் மேற்பரப்பில் வைக்கோல் நிறம் தெரியும்போது சூடு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும், நீலம் தெரிந்தால் 300-ஐ நெருங்கிவிட்டது. மெல்லிய விளிம்பில் அந்த நீலம் வந்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள்.

அமெரிக்க வரைபடங்களைப் பார்த்துக் கட்டுபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதனால் அவர்களுடைய மோட்டார்கள் 1,725 அல்லது 3,450 சுற்று ஓடும். நமக்கு 50 ஹெர்ட்ஸ், 1,440 அல்லது 2,880. அவர்கள் சொல்லும் ஓட்டும் உருளையை அப்படியே கடைந்து மாட்டினால் பெல்ட்டின் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். உருளையின் விட்டத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் கணக்கு நேராகிவிடும். இதைக் கவனிக்காமல், மோட்டாரில் சக்தி போதவில்லை என்று இன்னொரு மோட்டாரைத் தேடிப் போகத் தேவையில்லை.

இப்போது மோட்டாருக்கு வருவோம். பழைய சாமான்களிடையே கிடைப்பவை ஏராளம், தகுதியானவை கொஞ்சம். செலவே இல்லாத வழி, கைச் சாண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து மேசையில் இறுக்கிவிடுவது. அதன் பெல்ட் விநாடிக்கு 4 முதல் 7 மீட்டர் வரை ஓடும். மர விளிம்பைச் சமன் செய்யவும் சிறிய துண்டுகளைத் தேய்க்கவும் இதுவே போதும், வாரத்தில் ஒரு நாள் மரவேலை செய்பவருக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்றே சொல்வேன். இரும்புக்கு இது ஆகாது. காற்றுத் துளைகள் வழியாக இரும்புத்தூள் உள்ளே போய் ஆர்மேச்சரைக் கெடுத்துவிடும்.

பட்டறைகளில் ஏஜி4 என்று சொல்லப்படும் நான்கங்குலக் கை கிரைண்டரைப் பெல்ட் ஓட்ட வைப்பது இளைஞர்களிடையே இப்போது பரவியிருக்கிறது. 11,000 சுற்று ஓடும் அந்தத் தண்டில் 40 மி.மீ. உருளை மாட்டினாலே பெல்ட் 23 மீட்டர் வேகத்தில் பறக்கும். குழாய் மூட்டுகளையும் வெல்டு மேடுகளையும் சீராக்க அருமையான கருவி. ஆனால் காது பிளக்கும் சத்தம், விரைவில் தேயும் கார்பன் பிரஷ், தொடர்ந்து ஓட்ட முடியாத சூடு மூன்றும் சேர்ந்தே வரும். மரத்தைக் கொண்டுபோனால் கரிதான் மிஞ்சும்.

வாஷிங் மெஷின் மோட்டாரைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அரைத் தானியங்கி மெஷினில் உள்ளது கெப்பாசிட்டரில் ஓடும் சிறிய இண்டக்‌ஷன் மோட்டார். சக்தி குறைவு, உடலோ திறந்த கூடு. முன்பக்கக் கதவுள்ள மெஷின்கள் பலவற்றில் இருப்பது பிரஷ் மோட்டார். அதற்கு நேரடியாக மின்சாரம் கொடுத்தால் சுமை இல்லாதபோது வேகம் கட்டுக்கடங்காமல் ஏறிக்கொண்டே போகும். சுற்றை அளந்து அடக்கும் கட்டுப்பாட்டுப் பலகை இல்லாமல் அதைத் தொடவே கூடாது. மிக்ஸி மோட்டாரும் இதே இனம்தான், சில நிமிடம் ஓடி ஓய்வெடுக்கவே வடிவமைக்கப்பட்டது. டேபிள்டாப் மாவு கிரைண்டரின் மோட்டார் நாள்பட உழைக்கும் நல்ல மோட்டார்தான், ஆனால் பெரும்பாலும் 150 வாட் அளவே. உளி தீட்டும் சிறிய பெல்ட்டுக்கு வேண்டுமானால் ஆகும்.

டிரெட்மில் மோட்டாருக்குத் தனிச் சிறப்பு உண்டு. அது நிரந்தரக் காந்தம் கொண்ட நேர்மின்னோட்ட மோட்டார். அதன் கட்டுப்பாட்டுப் பலகையோடு சேர்த்து எடுத்தால் வேகத்தைக் குமிழைத் திருகிக் கூட்டிக் குறைக்கலாம், மரத்துக்கும் இரும்புக்கும் ஒரே இயந்திரம் போதும். வாங்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒட்டுச்சீட்டில் போட்டிருக்கும் குதிரைத்திறன் உச்சநிலைக் கணக்கு, தொடர்ந்து தரக்கூடியது அதைவிடக் குறைவு. தண்டில் இருக்கும் கனத்த சக்கரம் பல மாடல்களில் இடது மரையில் முறுக்கப்பட்டிருக்கும், மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறியும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு உருளையை மாட்டுபவர், குளிர்ச்சிக்கு வேறு வழி செய்தாக வேண்டும். இதன் உடலும் திறந்ததே என்பதால், தீப்பொறி பாயும் பக்கத்துக்கும் மோட்டாருக்கும் நடுவே ஒரு தகடாவது தடுப்பாக வேண்டும்.

தமிழ்நாட்டில் கட்டுபவருக்கு இவை எல்லாவற்றையும்விடப் பொருத்தமானவை இரண்டு என்று நினைக்கிறேன். முதலாவது பெஞ்ச் கிரைண்டர். 2,880 சுற்று, தூசி புகாத மூடிய உடல், இரண்டு பக்கமும் தண்டு. ஒரு பக்கத்துச் சாணைக்கல்லை எடுத்துவிட்டு ஓட்டும் உருளை, எதிரே ஒரு கையும் உருளையும் வைத்தால் வேலை முடிந்தது, மறுபக்கக் கல் அப்படியே இருக்கும். இடது பக்கத் தண்டில் மரை இடதுசுற்று என்பதை மறக்கக் கூடாது. குறை என்னவென்றால் சக்தி. பெரும்பாலும் அரைக் குதிரைத்திறனோ அதற்குக் கீழோ இருக்கும், அழுத்தினால் நிற்கும்.

இரண்டாவது, வீட்டுத் தண்ணீர் மோனோபிளாக் பம்ப். கோயம்புத்தூரை மோட்டார் பம்ப் நகரமாக்கிய தொழிலின் பயனாக அரைக் குதிரைத்திறன், ஒரு குதிரைத்திறன் பம்புகள் ஊரெங்கும் பழுதாகிக் கிடக்கின்றன. பல பம்புகளில் கெட்டுப்போயிருப்பது சீலோ இம்பெல்லரோதான், வைண்டிங் நன்றாகவே இருக்கும். பம்பு மூடியை அவிழ்த்து இம்பெல்லரை எடுத்தால் சுமார் 2,800 சுற்று ஓடும், மூடிய உடலும் பின்விசிறியும் கொண்ட, தொடர்ந்து உழைக்கப் பிறந்த மோட்டார் கையில் இருக்கும். தண்டு குட்டை. சிலவற்றில் மரை, சிலவற்றில் சாவிப்பள்ளம். மரை என்றால், சுழலும் திசையில் உருளை இறுகுகிறதா, கழன்று வருகிறதா என்று பார்த்தே மாட்ட வேண்டும். 50 மி.மீ. பெல்ட்டில் இரும்பை அழுத்தித் தேய்க்க 1 முதல் 2 குதிரைத்திறன் வேண்டும் என்பது கத்தி செய்பவர்களிடம் நிலைத்துவிட்ட கணக்கு, மரத்துக்கு அரை போதும். இந்த அளவுகோலில் ஒரு குதிரைத்திறன் பம்ப் மோட்டார் கம்பீரமாகத் தேறுகிறது.

வேகத்தை மாற்ற வேண்டும் என்றால் மும்முனை மோட்டாரும் விஎஃப்டி என்னும் அலைவெண் மாற்றியும் உண்டு. வீட்டு 230 வோல்ட் ஒருமுனையை எடுத்துக்கொண்டு அது மும்முனை தரும். ஆனால் தருவதும் 230 வோல்ட்தான். நம் சிறிய மும்முனை மோட்டார்களோ பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் இணைத்தவை. முனைப்பெட்டியில் ஆறு முனைகளும் வெளியே இருந்தால் டெல்டாவாக மாற்றி இதில் ஓட்டலாம். ரீவைண்டிங் கடைக்காரருக்கு இது சில நிமிட வேலை. கெப்பாசிட்டர் வைத்த ஒருமுனை மோட்டாரில் இந்தக் கருவியை இணைக்கக் கூடாது. விஎஃப்டியின் பெட்டிக்குள் இரும்புத்தூள் நுழையவும் விடக் கூடாது.

இனி உருளைகள். என் கட்டுரையின் கனம் இங்கேதான். 150 மி.மீ. ஓட்டும் உருளை 22 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பெல்ட்டை இழுக்கும்போது, எதிரே உள்ள 50 மி.மீ. உருளை நிமிடத்துக்குச் சுமார் 8,600 சுற்று சுழன்றாக வேண்டும். அந்தச் சுழற்சியில் கால் மில்லிமீட்டர் கோணலும் கையில் அதிர்வாகவும் மரத்தில் வரிவரியான தழும்பாகவும் தெரியும். சூட்கேஸ் சக்கரம், தள்ளுவண்டிச் சக்கரம், ஸ்கேட்டிங் பலகைச் சக்கரம் என்று கிடைத்ததையெல்லாம் மாட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. அவற்றில் எதுவும் இந்தச் சுழற்சிக்காகச் செய்யப்பட்டதில்லை. கடைசல் பட்டறையில் ஓர் அலுமினியத் துண்டைக் கொடுத்து, துளையையும் வெளிவட்டத்தையும் ஒரே பிடிப்பில் கடைந்து தரச் சொல்லுங்கள். கழற்றி மாற்றிப் பிடித்தால் இரண்டும் ஒரே மையத்தில் அமையாது. இந்த ஒரு வேண்டுகோளை வாய்விட்டுச் சொல்வது அவசியம்.

மரத்தில் செய்வதும் முறையானதே. பிளைவுட் வட்டங்களை அடுக்கி ஒட்டி, மோட்டார் தண்டிலேயே ஏற்றி, ஓட்டி, முன்னால் ஒரு தாங்கி வைத்து உளியால் சீவினால் அந்தத் தண்டுக்கு மிகச் சரியான வட்டம் கிடைக்கும். வேறு மோட்டாருக்கு மாற்றினால் மறுபடி சீவ வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊர்களின் ஈரத்தில் மரம் உப்பும் என்பதால் வருடம் ஒருமுறை சரிபார்ப்பும் தேவை. 1,440 சுற்று மோட்டாருக்கு மர உருளையை ஒப்புக்கொள்வேன், 2,880-க்கு அலுமினியமே.

பேரிங்கில் 6202-உம் 6203-உம் எல்லாக் கடையிலும் கிடைக்கும். 6203-இன் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, தடிமன் 12 மி.மீ. எமரித் தூசிக்கு நடுவே சுழல்வதால் இரும்பு மூடி போட்ட வகையைவிட, ரப்பர் சீல் போட்ட 2ஆர்எஸ் வகையே உகந்தது. ஓர் உருளைக்கு இரண்டு பேரிங் வேண்டும். அந்த இரண்டின் உள்வளையங்களுக்கும் நடுவே சரியான நீளத்தில் ஒரு குழாய்த் துண்டு இருக்க வேண்டும். அது இல்லாமல் போல்ட்டை முறுக்கினால் உள்வளையங்கள் ஒன்றையொன்று நோக்கி நெருக்கப்பட்டு, குண்டுகள் பக்கவாட்டில் நசுங்கும். புதிய பேரிங் சில மணி நேரத்திலேயே கத்தத் தொடங்குவதற்குப் பேரிங்கின் தரத்தைவிட இந்தக் குழாய் இல்லாததே அடிக்கடி காரணம். குழாய்த் துண்டைக் கடைந்து தரக் கேட்கும் கூலி மிகச் சொற்பம்.

பெல்ட் நழுவாமல் ஓடுவதற்கான வழி ஆச்சரியமானது. ஓர் உருளையின் நடுப்பகுதி சற்றே மேடாக இருந்தால் பெல்ட் அந்த மேட்டின் மேல் ஏறி நிற்கும். சரிந்து விழும் என்றுதான் நினைக்கத் தோன்றும், நடப்பது நேர்மாறு. சரிவின் மேல் படியும் பெல்ட்டில் மேட்டுப் பக்க விளிம்பு அதிகம் இழுபட்டுப் பெல்ட் லேசாக வளைகிறது. அடுத்து வந்து சேரும் பகுதி அந்த வளைவினால் மேட்டுக்கு இன்னும் அருகில் விழுகிறது. இப்படியே நடுவுக்கு வந்துவிடுகிறது. 50 மி.மீ. அகல உருளையில் ஓரத்தின் விட்டம் நடுவைவிட 1 முதல் 1.5 மி.மீ. குறைந்தால் போதும். திசை திருப்பும் உருளைக்கு மட்டும் இந்த மேடு, ஓட்டும் உருளை தட்டை. இதுவே நிலைத்த பழக்கம்.

அந்த மேட்டு உருளையைச் சற்றே சாய்க்க ஒரு திருகு வேண்டும். கதவுக் கீலை வைத்து இதைச் செய்கிறார்கள், கீலில் ஆட்டம் இருந்தால் பெல்ட்டும் ஆடும். கனத்த தட்டில் இறுக்கமான போல்ட்டை அச்சாக்குவது மேல். பெல்ட்டை இறுக்கமாக வைக்க மோட்டார்பைக் ஸ்பிரிங்கோ கார் டிக்கியின் வாயு ஸ்பிரிங்கோ தாராளமாக உதவும், சென்னை புதுப்பேட்டையில் இவற்றுக்குப் பஞ்சமே இல்லை. சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கனமாக, ஆட்டமில்லாமல், மூலைமட்டம் சரியாக இருந்தால் போதும்.

பெல்ட்டுக்குப் பின்னால் நிற்கும் தட்டு, இரண்டு உருளைகளையும் இணைக்கும் கோட்டைவிட 2 மி.மீ. முன்னே நிற்க வேண்டும். வெறும் இரும்பாக விட்டால் பெல்ட்டின் முதுகு உரசி நடுவில் பள்ளம் விழும். அதன்பின் எதைத் தேய்த்தாலும் தட்டையாக வராது. இரும்பு வேலைக்குக் கண்ணாடிப் பீங்கான் தகட்டை ஒட்டுகிறார்கள். பழுதான இண்டக்‌ஷன் அடுப்பின் மேற்தட்டு இதே வகைப் பொருள் என்பதால் அதை வெட்டிப் பயன்படுத்தலாம். ஆனால் மலிவான சில அடுப்புகளில் இருப்பது பதப்படுத்திய கண்ணாடி, வெட்டினால் பொடிப்பொடியாகச் சிதறும். மரத்துக்குக் கிராஃபைட் பூசிய துணியே போதும். பெல்ட் மேலிருந்து கீழே, தேய்க்கும் பொருளைத் தாங்கும் சிறு மேசையை நோக்கி ஓட வேண்டும். மேசைக்கும் பெல்ட்டுக்கும் நடுவே 2 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் சிறிய துண்டுகளும் விரல்நுனியும் அதற்குள் இழுபடும். பெல்ட்டின் முதுகில் அம்புக்குறி இருந்தால் ஒட்டு அந்தத் திசைக்கே ஏற்றது.

எமரி மணிகளில் மரத்துக்கு அலுமினியம் ஆக்சைடு, இரும்புக்குச் சிர்கோனியாவோ செராமிக்கோ. எட்வர்டு அச்சிசன் 1891-இல் மின் உலையில் உருவாக்கி, கார்போரண்டம் என்று பெயரிட்ட சிலிக்கான் கார்பைடு, கல், கண்ணாடி போன்றவற்றுக்குச் சிறந்தது. சென்னையில் 1954-இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சலின் பெயரிலேயே அந்தப் பொருள் இருக்கிறது. 60, 120, 240 என்று மூன்று எண்கள் கையிருப்பில் இருந்தால் பெரும்பாலான மரவேலை நடந்துவிடும். மணி மழுங்கிய பெல்ட்டை இன்னும் அழுத்தித் தேய்ப்பது மோட்டாரையும் மரத்தையும் ஒருசேரச் சுடும்.

சுவிட்சைப் பற்றி ஒரு வார்த்தை. மின்சாரம் போய்த் திரும்பும்போது இயந்திரம் தானாக ஓடத் தொடங்கக் கூடாது. அதற்கென்றே மின்தடை ஏற்பட்டதும் விழுந்துவிடும் சுவிட்ச் உண்டு. மின்வெட்டு பழகிய நம் ஊரில் இதை விட்டுவிடுவது பெரும் தவறு. எர்த் இணைப்பும் 30 மில்லிஆம்பியர் கசிவுத் தடுப்பானும் அதே அளவு கட்டாயம். கையுறை போடக் கூடாது, லுங்கியின் தலைப்பும் தோள் துண்டும் அருகில் வரக் கூடாது.

வீட்டில் கட்டிய சாண்டர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலை தருவது தூசி. பெரும்பாலானவர்கள் அதை யோசிப்பதே இல்லை. மரத்தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் முதல் வகுப்பில் பட்டியலிட்டது. வாயில் கட்டிய கைக்குட்டை நுண்ணிய தூசியைத் தடுக்காது, என்95 தரத்து முகக்கவசமாவது வேண்டும். கீழ் உருளைக்கு அடியில் ஒரு பெட்டி வைத்து, பழைய வேக்கம் கிளீனரின் குழாயை அதில் பொருத்துவது இயந்திரத்தின் மற்ற எந்தப் பகுதியையும்விடச் சுலபமான வேலை. ஆனால் மரத்தூள் நிறைந்த அந்தப் பெட்டியும் குழாயும் மாட்டியிருக்கும்போது இரும்பைத் தேய்க்கக் கூடாது. ஒரே ஒரு பொறி உள்ளே போய்க் கனிந்து, பட்டறையைப் பூட்டிக்கொண்டு போனபின் இரவில் பற்றும். அலுமினியத் தூளும் இரும்புப் பொறியும் சந்திப்பது இன்னும் ஆபத்து. மரத்திலிருந்து இரும்புக்கு மாறும்போது குழாயைக் கழற்றி, பெட்டியைத் துடைத்து, அதே இடத்தில் தண்ணீர் ஊற்றிய இரும்பு வாளியை வைக்க வேண்டும். அலுமினியத்தைத் தேய்ப்பது என்றால் முன்பு சேர்ந்த இரும்புத்தூள் முழுவதையும் அகற்றிவிட்டு, புதிய பெல்ட் மாட்டியபின்தான் தொட வேண்டும்.